பூனைக்கு ஓ.கே... ஏ.ஐ-க்கு நோ!

ஜர்னலுக்கு பேப்பர் அனுப்பப் போறீங்களா? ‘சப்மிட்’ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ப்ளீஸ்!

1975-ம் வருஷம். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் ஜாக் ஹெதரிங்டன்னு ஒரு பிசிக்ஸ் புரொஃபசர். ராத்திரி பகலா உட்கார்ந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் அடிச்சு முடிச்சார். வாசிச்சுப் பார்த்த நண்பர் ஒரு குண்டைப் போட்டார். எழுதினது ஒரே ஆள். ஆனா, கட்டுரை முழுக்க ‘நாங்கள்... நாங்கள்...’னு இருக்கு. ஜர்னல்காரங்க ஒத்துக்க மாட்டாங்க!

‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ அமுக்கி ரெண்டு செகண்ட்ல மாத்துற காலம் இல்லை அது. டைப்ரைட்டரில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தட்டணும். மனுஷன் பார்த்தார்... வீட்டில் செஸ்டர்னு ஒரு சயாமீஸ் பூனை இருந்தது. அதுக்கு ‘எஃப்.டி.சி. வில்லார்ட்’னு கெத்தா ஒரு பேர் வெச்சு, ரெண்டாவது ஆசிரியராச் சேர்த்து அனுப்பிட்டார். ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ங்கிற டாப் ஜர்னலில் கட்டுரை வெளியே வந்தேவிட்டது!

சிரிச்சாச்சா? இப்ப மேட்டருக்கு வருவோம். ஒரு பூனையின் பேரைக்கூட ரசிச்சு ஏத்துக்கிட்ட அதே ஆராய்ச்சி உலகம்தான், 2023-ல் சாட்ஜிபிடிக்கு முகத்துக்கு நேரா ‘நோ என்ட்ரி’ போர்டு மாட்டியது. ஏன்? அந்த ரூல்ஸில் என்னதான் இருக்கு? எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டை பேப்பரா மாத்த நினைக்கிற நீங்களும், பி.ஹெச்டி-யில் மூணாவது வருஷம் முழி பிதுங்கிட்டு இருக்கிற நீங்களும் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

ரெண்டே மாசத்தில் ரூல்ஸ்!

2022 நவம்பர் 30. சாட்ஜிபிடி வெளியான நாள். அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ளேயே குறைஞ்சது நாலு கட்டுரைகளில் ‘ஆசிரியர்: சாட்ஜிபிடி’ன்னு பேர் போட்டாச்சு. நர்ஸிங் படிப்பு பற்றி ஒண்ணு, மருத்துவத் தேர்வை ஏ.ஐ. பாஸ் பண்ணுமான்னு ஒண்ணு... இப்படி.

ஜர்னல்கள் அலறிட்டாங்க. 2023 ஜனவரியிலேயே ‘நேச்சர்’ ரெண்டு கட்டளை போட்டது. ஒண்ணு, ஏ.ஐ-யை ஆசிரியர்னு போடக் கூடாது. ரெண்டு, பயன்படுத்தினா கட்டுரையிலேயே சொல்லணும். ‘சயின்ஸ்’ பத்திரிகை இன்னும் ஒருபடி மேலே போய், ஏ.ஐ. எழுதின ஒரு வரிகூட வேண்டாம்னு கதவைச் சாத்தியது. பிறகு அதே வருஷம் நவம்பரில், ‘சரி, மறைக்காம சொன்னா போதும்’னு கொஞ்சம் இறங்கி வந்தது. பிப்ரவரியில், ஜர்னல் எடிட்டர்களுக்கு நெறிமுறை சொல்ற சர்வதேச அமைப்பான ‘கோப்’, மே மாசத்தில் மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் கமிட்டி... எல்லாருமே ஒரே குரலில் சொன்ன பதில்: ஏ.ஐ. ஆசிரியர் ஆக முடியாது!

‘ஆசிரியர்’னா யார் பாஸ்?

நல்லா எழுதுறவர்னு நினைச்சா, தப்பு. அப்படிப் பார்த்தா நம்மைவிட ஏ.ஐ. நல்லாவே இங்கிலீஷ் எழுதும்.

மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் கமிட்டி ஆசிரியருக்கு நாலு தகுதி வெச்சிருக்கு. ஆராய்ச்சியில் உருப்படியான பங்கு இருக்கணும். எழுதுறதிலோ, ஆழமாத் திருத்துறதிலோ கை இருக்கணும். கடைசி வடிவத்துக்கு ஓ.கே. சொல்லியிருக்கணும். நாலாவதுதான் மேட்டரே... நாளைக்கு யாராவது ‘இந்த நம்பர் எப்படி வந்துச்சு?’னு கேட்டா, நெஞ்சை நிமிர்த்தி பதில் சொல்லணும். நாலும் இருந்தாத்தான் ஆசிரியர். மூணு இருந்தா, நன்றி சொல்ற பகுதியில் ஒரு வரி. அவ்வளவுதான்!

ஏ.ஐ-க்கு அந்த நாலாவது சுத்தமா கிடையாது. அது காப்பிரைட் ஃபார்மில் கையெழுத்துப் போடாது. எந்தக் கம்பெனி காசிலும் இந்த ஆராய்ச்சி நடக்கலைன்னு உறுதிமொழி கொடுக்காது. தப்புன்னு தெரிஞ்சா வெட்கப்படாது. பூனைக்கும் இதெல்லாம் தெரியாதுதான். ஆனா, அந்தப் பூனைக்குப் பின்னாடி, ஒவ்வொரு வரியும் தானே யோசிச்சு எழுதின ஒரு ஹெதரிங்டன் இருந்தார். யார் கேட்டாலும் பதில் அவர்கிட்ட இருந்தது. வித்தியாசம் புரியுதா?

இன்னொரு குட்டி விஷயம்... இதைச் சத்தமா வாசிக்காதீங்க. ஆராய்ச்சியில் துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாத பெரிய மனுஷங்க பேரை மரியாதைக்காக பேப்பரில் சேர்க்கிற பழக்கம் நம்ம கேம்பஸில் இருக்கே... இந்த நாலு தகுதி அதையும் சேர்த்துத்தான் தடுக்குது. ஏ.ஐ. வேலை செய்யும், ஆனா பதில் சொல்லாது. ‘கௌரவ ஆசிரியர்’ பதில் சொல்லலாம், ஆனா வேலை செய்யலை. ரெண்டு பேருக்குமே சீட் இல்லை!

மாட்டினவங்க கதை

ரூல்ஸ்னா போரடிக்கும். கதையா சொல்றேன்.

கதை 1: 2024 மார்ச். பேட்டரி தொழில்நுட்பம் பற்றி ‘சர்ஃபேசஸ் அண்ட் இன்டர்ஃபேசஸ்’ங்கிற ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையின் முன்னுரை, உலகம் முழுக்க பரவியது. ஆராய்ச்சிக்காக இல்லை. முதல் வரியே, ‘நிச்சயமா... உங்க தலைப்புக்கு ஏத்த ஒரு முன்னுரை இதோ’ங்கிற மாதிரி ஆரம்பிச்சது! சாட்பாட் கொடுத்த பதிலை அப்படியே சுரண்டி ஒட்டியிருக்காங்க. எழுதினவங்க படிக்கலை, ரிவ்யூவர் படிக்கலை, எடிட்டர் படிக்கலை. கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

கதை 2: அதே வருஷம் பிப்ரவரி. ‘ஃப்ரன்டியர்ஸ்’ நிறுவனத்தின் ஒரு உயிரியல் ஜர்னல். ஒரு எலியின் உடற்கூறு படம். எந்த எலிக்கும் இருக்க முடியாத சைஸில் உறுப்புகள். பக்கத்தில் அம்புக்குறி போட்டு, எந்த மொழியிலுமே இல்லாத வார்த்தைகள்! ‘மிட்ஜர்னி’யில் வரைஞ்ச படம். மூணே நாளில் கட்டுரை வாபஸ். இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? படம் ஏ.ஐ. வரைஞ்சதுதான்னு அவங்க கட்டுரையிலேயே ஒழுங்கா சொல்லியிருந்தாங்க. ஆக, உண்மையைச் சொன்னா மட்டும் தப்பிக்க முடியாது. சொன்னது சரியான்னு பார்க்கவும் செய்யணும்.

கதை 3: இதுதான் டாப். 1959-ல் வந்த ஒரு பழைய கட்டுரை. ஒரே பக்கத்தில் ரெண்டு பத்தி. ஸ்கேன் பண்ணின மெஷின், இடது பத்தியில் இருந்த ‘வெஜிடேட்டிவ்’ங்கிற சொல்லையும், வலது பத்தியில் இருந்த ‘எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’யையும் ஒரே வரியா ஒட்டிடுச்சு. ‘வெஜிடேட்டிவ் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’! அப்படி ஒரு கருவியே உலகத்தில் கிடையாது. பாரசீக மொழியில் ‘ஸ்கேனிங்’குக்கான சொல்லுக்கும் ‘வெஜிடேட்டிவ்’வுக்கான சொல்லுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம் (நம்ம ‘பல்லி’, ‘பள்ளி’ மாதிரி!). அந்த மொழிபெயர்ப்புக் குழப்பமும் சேர்ந்துக்கிச்சு. இப்ப 20-க்கும் அதிகமான கட்டுரைகளில் இந்த இல்லாத மைக்ராஸ்கோப் உட்கார்ந்திருக்கு. இதையெல்லாம் தின்னு வளர்ந்த ஏ.ஐ-யும், இந்தச் சொல்லைத் தானாகவே எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு 2025-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. ஒரு தப்பு கட்டுரைக்குள் போனா, அது அடுத்த தலைமுறைக்குப் பாடமா வந்து நிற்கும்!

அப்ப, ஏ.ஐ-யைத் தொடவே கூடாதா?

யார் சொன்னா? தாராளமா தொடலாம். 2024-ல் வெளியான உயிர் மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களில் குறைஞ்சது 13.5 சதவிகிதத்தில் ஏ.ஐ-யின் கைவண்ணம் இருக்குன்னு, ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான சுருக்கங்களை அலசி 2025-ல் ஓர் ஆய்வு சொன்னது. எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ‘டெல்வ்’ மாதிரி சில சொற்கள் 2023-க்குப் பிறகு திடீர்னு தலைகால் புரியாம எகிறியிருக்கு! ஆக, ஊரே பயன்படுத்துது. எப்படிப் பயன்படுத்துறோம்ங்கிறதுதான் கேள்வி.

பெரிய பதிப்பகங்களின் ரூல்ஸை வடிகட்டினா ஆறு பாயின்ட்ல அடக்கிடலாம்.

1. பேர் வேண்டாம்: ஆசிரியர், துணை ஆசிரியர்... எந்தப் பதவியும் ஏ.ஐ-க்குக் கிடையாது. ‘சாட்ஜிபிடி சொன்னது’ன்னு ரெஃபரன்ஸில் ஆதாரமாக் காட்டுறதும் கூடாதுன்னு மருத்துவ ஜர்னல்கள் சொல்லுது.

2. மறைக்க வேண்டாம்: எங்கே சொல்லணும்ங்கிறது ஜர்னலுக்கு ஜர்னல் மாறும். ‘எல்ஸ்வியர்’னா ரெஃபரன்ஸ் பட்டியலுக்கு மேலே தனியா ஒரு பத்தி. ‘ஸ்ப்ரிங்கர் நேச்சர்’னா ஆய்வு முறையைச் சொல்ற பகுதி. ‘ஐ.இ.இ.இ.’-ன்னா நன்றியுரையில், எந்தக் கருவி, எந்தப் பகுதியில், எவ்வளவு தூரம்னு விவரமா. ‘சயின்ஸ்’னா, ஏ.ஐ-க்குக் கொடுத்த கட்டளையையும் வெர்ஷனையும்கூட எழுதணும்.

3. ஸ்பெல்லிங், கிராமர் பார்க்கிறதுக்குப் பயம் வேண்டாம்: வெறும் எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தத்துக்குப் பெரும்பாலான இடங்களில் டிக்ளரேஷன் கட்டாயம் இல்லை. ஆனாலும் சொல்லிட்டா நல்லதுன்னு ‘ஐ.இ.இ.இ.’ சொல்லுது. ஒரு வரி எழுதுறதில் என்ன குறைஞ்சுபோச்சு?

4. படத்தில் கை வைக்க வேண்டாம்: எக்ஸ்-ரே, மைக்ராஸ்கோப் படம், ஜெல் படம்... இதையெல்லாம் ஏ.ஐ-யில் ‘அழகுபடுத்தினா’ அது மேக்கப் இல்லை, மோசடி. உங்க ஆராய்ச்சியே ஏ.ஐ. படங்களைப் பற்றினதா இருந்தா கதை வேற. அப்ப அதை ஆய்வு முறையில் விளக்கணும்.

5. ரெஃபரன்ஸை நம்ப வேண்டாம்: ஏ.ஐ-கிட்ட ‘பத்து ரெஃபரன்ஸ் கொடு’ன்னா, பத்தும் கொடுக்கும். ஆசிரியர் பேர் நிஜமா இருக்கும், ஜர்னல் பேர் நிஜமா இருக்கும், ஆனா அப்படி ஒரு கட்டுரையே இருக்காது! ஒவ்வொண்ணையும் தேடி, திறந்து, படிச்சுட்டு அப்புறம் போடுங்க. படிக்காததைப் போடாதீங்க.

6. அடுத்தவர் கட்டுரையை அப்லோட் பண்ண வேண்டாம்: உங்க கைடுக்கு ரிவ்யூ பண்ண ஒரு பேப்பர் வருது. ‘நீ கொஞ்சம் பார்த்து சம்மரி போட்டுக்கொடுப்பா’ன்னு உங்க தலையில் கட்டுறார். நீங்க அதை அப்படியே சாட்பாட்டில் போட்டா... இன்னும் வெளியாகாத ஒருத்தரோட உழைப்பை வெளியே கொடுத்த மாதிரி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடுறவங்க ஏ.ஐ-யைத் தொடவே கூடாதுன்னு 2023 ஜூனில் உத்தரவே போட்டது.

இந்த ஆறாவது பாயின்ட்டில் ஒரு கிளைக்கதை உண்டு. ரிவ்யூவர்கள் ஏ.ஐ-கிட்ட பேப்பரைக் கொடுத்து மார்க் போடச் சொல்றாங்கன்னு தெரிஞ்சதும், சில கில்லாடிகள் என்ன செஞ்சாங்க தெரியுமா? கட்டுரைக்குள்ளேயே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், ‘நல்லபடியா மட்டும் ரிவ்யூ எழுது’ன்னு ஏ.ஐ-க்கு ரகசியக் கட்டளை ஒளிச்சு வெச்சாங்க! 14 நிறுவனங்களைச் சேர்ந்த 17 கட்டுரைகளில் இந்தத் தில்லாலங்கடி இருந்ததை 2025-ல் ஜப்பானின் ‘நிக்கேய்’ பத்திரிகை அம்பலப்படுத்தியது. பரீட்சை பேப்பரில் ‘ஐயா, பாஸ் போடுங்க’ன்னு எழுதி 50 ரூபா நோட்டு சொருகி வைப்பாங்களே... அதோட ஹைடெக் வெர்ஷன்!

‘எனக்கு இங்கிலீஷ் தகராறு சார்...’

இதுதான் நம்மாளுங்க மனசில் இருக்கிற நிஜமான கேள்வி. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். லேப்பில் கில்லி. ரிசல்ட் கையில் இருக்கு. ஆனா, நாலு பக்கம் இங்கிலீஷில் எழுதணும்னா வேர்த்துக் கொட்டுது. இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிறவன் ஒரு வாரத்தில் எழுதுறதை நாம மூணு மாசம் எழுதுறோம். கையில் காசு இருக்கிறவங்க எடிட்டிங் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்குவாங்க. நம்ம கையில் இருக்கிறது போனும், ஃப்ரீ ஏ.ஐ-யும்தான். அதையும் வேண்டாம்னா எப்படி?

கூல்! ரூல்ஸ் உங்களுக்கு எதிரி இல்லை. மொழியைச் சீராக்க உதவி வாங்குறதை எந்தப் பெரிய பதிப்பகமும் குற்றம்னு சொல்லலை. வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் யோசனை உங்களது. உடைஞ்ச இங்கிலீஷோ, தங்கிலீஷோ, பச்சைத் தமிழோ... எதில் வேணா எழுதுங்க. அப்புறம் ஏ.ஐ-கிட்ட ‘மொழியை மட்டும் திருத்து, அர்த்தத்தைத் தொடாதே’ன்னு கேளுங்க. கடைசியில், வரிக்கு வரி ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் படிங்க. இந்தக் கடைசி ஸ்டெப்பில்தான் பல பேர் கோட்டை விடுறாங்க. நீங்க, ‘12 பேரிடம் சோதித்தோம், பலன் இருக்கலாம் என்று தோன்றுகிறது’ன்னு அடக்கமா எழுதியிருப்பீங்க. ஏ.ஐ. அதை ‘இந்த ஆய்வு பலனை உறுதியாக நிரூபிக்கிறது’ன்னு பஞ்ச் டயலாக்கா மாத்தி வெச்சிருக்கும். இலக்கணம் பக்கா. ஆனா, சொன்னது பொய். வைவாவில் எக்ஸ்டெர்னல் அந்த வரியைத் தொட்டா, தொலைஞ்சோம்!

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கு. ஏ.ஐ-யைத் தொடாமலே மாட்டுறது! ஏ.ஐ. எழுதினதைக் கண்டுபிடிக்கிறதா சொல்ற டிடெக்டர்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் சோதிச்சுப் பார்த்தாங்க. இங்கிலீஷைத் தாய்மொழியாக் கொண்டிராத மாணவர்கள், ‘டோஃபெல்’ தேர்வுக்காகச் சொந்தமா எழுதின 91 கட்டுரைகள். ஏழு டிடெக்டர். சராசரியா 61 சதவிகிதத்தை, ‘இது ஏ.ஐ. எழுதினது’ன்னு தப்பா குத்தம் சாட்டிடுச்சு! அதே டிடெக்டர்கள், அமெரிக்க எட்டாம் கிளாஸ் பசங்க கட்டுரைகளைக் கிட்டத்தட்ட சரியாவே கண்டுபிடிச்சது. காரணம் சிம்பிள். நாம எளிமையான, பழக்கமான வார்த்தைகளில் எழுதுறோம். அடுத்து என்ன வார்த்தை வரும்னு மெஷினால் ஊகிக்க முடிஞ்சா, அது ‘மெஷின் எழுதினது’ன்னு முத்திரை குத்துது.

சாட்ஜிபிடியைப் பெத்த ‘ஓப்பன் ஏ.ஐ.’ கம்பெனியே ஒரு டிடெக்டர் விட்டுப் பார்த்தது. ஏ.ஐ. எழுதின நூறில் 26-ஐத்தான் அது பிடிச்சது. மனுஷன் எழுதின நூறில் 9-ஐத் தப்பா பிடிச்சது. 2023 ஜூலையில் கடையைச் சாத்திட்டாங்க. ‘டர்னிட்டின்’ நிறுவனமும், தங்கள் ஏ.ஐ. சதவிகிதத்தை மட்டும் வெச்சு ஒரு மாணவர் மேல் நடவடிக்கை எடுக்காதீங்கன்னுதான் சொல்லுது. யாராவது ரிப்போர்ட்டை நீட்டி மிரட்டினா, இதை மரியாதையா எடுத்துச் சொல்லுங்க.

ஆதாரம் சேர்த்து வைங்க!

அப்ப தற்காத்துக்கிறது எப்படி? உங்க உழைப்புக்குத் தடயம் இருக்கட்டும்.

* முதல் டிராஃப்ட், ரெண்டாவது டிராஃப்ட்னு தேதி போட்டு தனித்தனி ஃபைலா சேமிங்க. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘ரியல் ஃபைனல்’னு பேர் வெச்சாலும் பரவாயில்லை, அழிக்காதீங்க!
* கூகுள் டாக்ஸில் எழுதினா, எந்த நேரம் எந்த வரி எழுதினீங்கன்னு வெர்ஷன் ஹிஸ்டரி சாட்சி சொல்லும்.
* லேப் நோட்புக், டேட்டா ஷீட், கையால் கிறுக்கின பக்கங்கள்... எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீங்க.
* ஏ.ஐ-கிட்ட கேட்ட கேள்வி, அது கொடுத்த பதில்... ரெண்டையும் காப்பி எடுத்து வைங்க.
* ஆரம்பிக்கும்போதே கைடுகிட்ட சொல்லிடுங்க. ‘சார், இங்கிலீஷ் திருத்த மட்டும் இதை யூஸ் பண்ணிக்கிறேன்’னு ஒரு மெயில் போதும். பின்னாடி ‘எனக்குத் தெரியாதே’ன்னு யாரும் கைகழுவ முடியாது.

பத்து சதவிகிதக் குழப்பம்

கேன்டீனில் அடிக்கடி காதில் விழுற வசனம்: ‘10 பர்சன்ட் வரைக்கும் ஏ.ஐ. ஓ.கே-டா, யு.ஜி.சி-யே சொல்லியிருக்கு!’ நண்பா, ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. யு.ஜி.சி-யின் 2018-ம் வருஷ விதிமுறை பேசுறது சிமிலாரிட்டி பற்றி. அதாவது, ஏற்கெனவே வெளியானதோட உங்க எழுத்து எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிறது. 10 சதவிகிதம் வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரைன்னா, ஆறு மாசத்துக்குள் திருத்தி மறுபடி கொடுக்கணும். 40-லிருந்து 60 வரைன்னா, ஒரு வருஷம் தீசிஸ் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினா, பதிவே ரத்து! சாட்ஜிபிடி வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே வந்த ரூல் இது. ஏ.ஐ. புத்தம் புதுசா எழுதித் தர்றதால், சிமிலாரிட்டி வெறும் 2 சதவிகிதம்னுகூடக் காட்டலாம். அதனால் அது உங்க எழுத்துன்னு ஆகிடாது.

இந்த சதவிகிதத்தைக் குறைக்கிறேன்னு சில பேர், வார்த்தைகளை மாத்திப்போடுற சாஃப்ட்வேரில் கட்டுரையை விட்டு அரைச்சு எடுக்கிறாங்க. அதோட லட்சணத்தை 2021-ல் ஃபிரான்ஸின் கியோம் கபனாக் உட்பட மூணு ஆய்வாளர்கள் தோலுரிச்சுக் காட்டினாங்க. ‘செயற்கை அறிவு’ங்கிறதை ‘போலி உணர்வு’ன்னும், ‘மார்பகப் புற்றுநோய்’ங்கிறதை ‘மார்புப் பேராபத்து’ன்னும் அந்த சாஃப்ட்வேர் மாத்தியிருந்தது! ‘சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள்’னு அதுக்குப் பேரே வெச்சுட்டாங்க. ‘ரயில்வே ஸ்டேஷன்’னு எழுதினா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு ‘இருப்புப்பாதை காவல் நிலையம்’னு எழுதுற மாதிரி! இப்ப இந்த மாதிரிச் சொற்களைத் தேடிப் பிடிக்கவே தனி மென்பொருள் ஓடிக்கிட்டு இருக்கு. நேத்து வெளியான கட்டுரையும் சிக்கும், அஞ்சு வருஷம் முன்னாடி வெளியானதும் சிக்கும்.

சிக்கினா என்ன ஆகும்? கட்டுரை வாபஸ். வாபஸ்னா, ஆன்லைனில் இருந்து காணாமப் போயிடும்னு சந்தோஷப்படாதீங்க. பெரும்பாலும் அது அங்கேயேதான் இருக்கும். மேலே ‘திரும்பப் பெறப்பட்டது’ன்னு கொட்டை எழுத்தில் முத்திரை, பக்கத்திலேயே காரணம், கீழே உங்க பேர். 2023-ல் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் அதிகமான கட்டுரைகள் இப்படி வாபஸ் ஆச்சு. அதில் 8,000-க்கும் மேல் ‘ஹிந்தாவி’ங்கிற ஒரே பதிப்பகத்தின் ஜர்னல்களில் வந்தவை. காசு கொடுத்தா ரெடிமேட் கட்டுரை தர்ற ‘பேப்பர் மில்’ ஆசாமிகளின் கைவரிசை அதில் நிறைய. ‘பேப்பர் பப்ளிகேஷன், உடனே தொடர்பு கொள்ளவும்’னு உங்க வாட்ஸ்அப்புக்கும் மெசேஜ் வந்திருக்குமே... டெலீட்!

இன்னொரு நல்ல சேதி. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் போட்டே ஆகணும்ங்கிற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-ல் எடுத்துடுச்சு. உங்க யுனிவர்சிட்டி தனியா ரூல் வெச்சிருந்தா அதைப் பாருங்க. இல்லைன்னா, அவசரத்துக்கு ஒரு அரைவேக்காடு பேப்பரைத் தள்ளிவிட வேண்டிய தலைவிதி உங்களுக்கு இல்லை.

கட் பண்ணி வெச்சுக்கங்க: மாதிரி டிக்ளரேஷன்

இதை உங்க ஜர்னல் கேட்கிற இடத்தில், இங்கிலீஷில் போடுங்க:

‘இந்தக் கட்டுரையின் முன்னுரையிலும் விவாதப் பகுதியிலும் வாக்கியங்களின் மொழிநடையைச் சீராக்க (கருவியின் பேர், வெர்ஷன், பயன்படுத்திய மாதம், வருஷம்) பயன்படுத்தினோம். தரவுகள், பகுப்பாய்வு, முடிவுகள், மேற்கோள்கள் எதிலும் அதைப் பயன்படுத்தவில்லை. அது தந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் நாங்கள் சரிபார்த்துத் திருத்தினோம். உள்ளடக்கத்துக்கு முழுப் பொறுப்பு எங்களுடையது.’

உண்மை எவ்வளவோ அவ்வளவுதான் எழுதணும். கோடு எழுத, டேட்டாவை அலசப் பயன்படுத்தியிருந்தா, அதையும் சேர்க்கணும். ரூல்ஸ் அடிக்கடி மாறுது. அதனால் அனுப்புற அன்னிக்கு, அந்த ஜர்னலின் ‘கைடு ஃபார் ஆதர்ஸ்’ பக்கத்தை ஒருமுறை புதுசா படிச்சுடுங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு மினி டெஸ்ட்

பேப்பரை பிரின்ட் எடுங்க. ஹாஸ்டலில் உங்களை எப்பவும் வம்புக்கு இழுக்கிற ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிடுங்க. கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது ஒரு வரியில் விரல் வைக்கச் சொல்லுங்க. ‘இது என்ன, ஏன் இப்படிச் சொன்னே, எங்கிருந்து வந்துச்சு?’னு மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க. இப்படி ஒரு இருபது வரி. பேப்பரைப் பார்க்காம, தமிழிலேயே நீங்க பதில் சொல்லிட்டா, அந்த இங்கிலீஷை யார் திருத்தியிருந்தாலும் பேப்பர் உங்களது. தைரியமா பேரைப் போட்டு அனுப்புங்க. ஏதாவது ஒரு வரியில் ‘அது... வந்து...’னு இழுத்தீங்கன்னா, அந்த வரியை அடிச்சுட்டு உட்கார்ந்து நீங்களே எழுதுங்க. கொஞ்சம் கரடுமுரடா இருக்கட்டும், பரவாயில்லை. நாளைக்கு யார் கேட்டாலும் பதில் உங்ககிட்ட இருக்கும்.

ஆல் தி பெஸ்ட்!